‘யூசர் எரர்’ என்னும் பொய்

நான் எழுதிய மென்பொருளைப் பற்றிப் புகார் வந்தால் எனக்கு முதலில் தோன்றும் பதில் ‘யூசர் எரர்’. டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். எங்கள் துறையின் வசதியான பொய் அது. மருத்துவமனையில் அதே பொய் ஆளைக் கொல்லும்.

1986 மார்ச். டெக்ஸாஸில் டைலர் நகரப் புற்றுநோய் மையம். தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கிய பெண், எலக்ட்ரானுக்குப் பதில் எக்ஸ்ரே என்று தட்டிவிட்டார். உடனே திருத்தினார். அனுபவசாலி, வேகமான விரல்கள். உள்ளே காந்தங்கள் சரியாக அமைய எட்டு விநாடி ஆகும். அதற்குள் முடிந்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. கையேட்டில் அதற்கு விளக்கமில்லை. கதிர் குறைவாகவே போயிருப்பதாகத் திரை காட்டியது. தொடரச் சொல்லும் ‘பி’ விசையை அழுத்தினார். நோயாளியை இரண்டாம் முறையும் கதிர் தாக்கியது. ஐந்து மாதத்தில் இறந்தார்.

தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழை தலைகாட்டவில்லை. அளவு மீற வாய்ப்பே இல்லை என்றார்கள். ஏப்ரலில் இன்னொருவருக்கும் அதே கதி. கடைசியில் கண்டுபிடித்தது யார்? மையத்தின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் அந்தப் பெண்ணும். அவர் தட்டும் வேகத்தில் தட்டினால்தான் பிழை வரும்! யாரைக் குற்றவாளி ஆக்கியிருப்போமோ, அவர் கைப்பழக்கத்தில்தான் விடை இருந்தது.

இதே பிழை முந்தைய தெராக்-20இலும் இருந்தது. ஆனால் அதில் மென்பொருளை நம்பாத தனிப் பூட்டுகள் இருந்தன. ஆள் சாகவில்லை, ஃபியூஸ்தான் போனது. 25இல் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு, எங்களை மாதிரி ஆட்களின் நிரலை நம்பினார்கள்.

அப்பா ஐசியூவில் இருந்தபோது பம்ப் அலறியது. நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை அமர்த்தினார். புகார் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். “எல்லாமே ஒரே மாதிரி கத்துது சார், எதுக்குன்னு ஓடுறது?” என்றார். பேனாவை வைத்துவிட்டேன். அவர் கேட்டது என் தொழிலைப் பார்த்து.

“ஆள் கவனமா இருந்தா போதாதா?” என்பார்கள். போதாது. இரவுப் பணியில் பத்துக் கட்டிலைப் பார்க்கும் நர்ஸ் களைத்துத்தான் போவார். களைத்த கைக்கும் பாதுகாப்பாக இருப்பதுதான் கருவி. கருவிகளால் நேரும் பாதகங்களைப் பதிய இந்தியாவில் 2015 முதல் தேசியத் திட்டமே இருக்கிறது. மெமோவுக்குப் பயந்தவர் அதில் என்ன எழுதுவார்?

அடுத்த விபத்தில் ‘மனிதத் தவறு’ என்று எழுதினால் எந்த மனிதர் என்று கேளுங்கள். விசையை அழுத்தியவரா, அழுத்தினால் ஆள் சாகும்படி அதை வடிவமைத்தவரா?