விழும் வேளைக்கென எழுதிய வரிகள்

பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாதிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் கணிப்பொறித் தொழிலில் இருப்பது இன்று புதுமை அன்று. எனினும் அவர்கள் செய்யும் வேலை யாது என வினவினால், பெற்றோர் பலர் நகைத்து நழுவி விடுகின்றனர். பிறர் எழுதிய பத்து வரித் திருத்தம் ஒன்றை நான்கு நாட்கள் படித்துவிட்டு, 'இது ஆகாது' என்று மறுமொழி எழுதுவதும் ஒரு வேலையா என்று கேட்போரும் உளர். அவ்வேலையையே இம்மாதம் எடுத்துக் கொள்கிறோம். அதிலும் மிகக் கடினமான ஓரிடத்தைக் காட்ட விரும்புகிறோம்.

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, வலையிணைப்பு ஆகிய அனைத்தையும் ஆளும் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலே இன்று உலகின் பெரும்பாலான சேவைக் கணிப்பொறிகளில் இயங்குவது. மீட்க இயலாத பிழை நேர்ந்தால் கெர்னல் தானே நின்றுவிடும். அந்நிலையைப் 'பேனிக்' என்பர். பொறியை மீண்டும் இயக்குவது எளிது. ஏன் விழுந்தது என்று அறிவதே அரிது. காரணத்தைக் காட்டும் தடயமெல்லாம் நினைவகத்தில் கிடக்கின்றன. மறுபடி இயக்கினாலோ அவை அழிந்து போகின்றன.

விழுந்த கெர்னலே தன் நினைவகத்தை வட்டில் எழுதி வைக்கட்டும் என்பது பழைய முறை. சித்தம் கலங்கியவனிடம் உயில் எழுதச் சொல்வது போன்றது அது. வட்டில் இருந்த நல்ல செய்திகளையும் அது கெடுத்துவிடக் கூடும். இதற்கு மாற்றாகக் 'கேடம்ப்' என்னும் முறை 2005-இல் லினக்ஸில் இடம் பெற்றது. அவ்வாண்டு ஒட்டாவா மாநாட்டில் அதனை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர் மூவருள் இருவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியக் கிளையினர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை, 256 மெகாபைட் என்பது போல, முன்கூட்டியே ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை உறங்க வைப்பர். முதலாவது விழுந்தவுடன் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தைப் படித்துக் காத்து வைக்கும். எழுப்புவதற்கு முன், அது பழுதின்றி இருக்கிறதா என்பதும் கணக்கிட்டுச் சரிபார்க்கப்படும்.

இரண்டாவதை எழுப்பும் சில வரிகளை மட்டும் விழுகின்ற கெர்னலே ஓட்டியாக வேண்டும். ஆராய்வோருக்குச் சோதனை இங்கேதான். ஏனைய இடங்களில் 'இவ்வரிகள் சரியாக வேலை செய்யுமா?' என்று கேட்டால் போதும். இங்கோ, 'சுற்றியுள்ள யாவும் கெட்டிருக்கும்போதும் செய்யுமா?' என்று கேட்க வேண்டும். புதிதாக நினைவகம் கோருகின்றனவா? வேறொருவர் வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்து நிற்கின்றனவா? அவர் ஏற்கனவே நிறுத்தப்பட்டிருப்பின் அப்பூட்டு என்றுமே திறவாது.

உண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். ஒருவர் அந்தக் காப்புக் கெர்னலை மாற்றிக் கொண்டிருக்கும் வேளையில் மற்றொருவர் அதனை எழுப்பிவிடாமல் இருக்க, 2005-இல் ஓர் எளிய காவல் வைத்திருந்தனர். ஓர் எண்ணைப் பார், சுழியாயின் ஒன்றாக்கிவிட்டு உள்ளே செல், இல்லையேல் திரும்பிவிடு. அவ்வளவே. 2008-இல் ஒரு திருத்தம் அதனை எடுத்துவிட்டு, 'மியூட்டெக்ஸ்' என்னும் வழக்கமான பூட்டை வைத்தது. பயனில் வேறுபாடில்லை, வடிவம் மட்டும் மரபுக்கு ஒத்தது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். படிப்பவர் எவரும் தலையசைக்கக் கூடிய திருத்தம்தான்.

ஆயினும் அப்பூட்டுக்குள் இன்னொரு சிறு பூட்டு உண்டு. எந்த வேலையின் நடுவிலும், எவரும் தடுக்க இயலாதபடி குறுக்கிடும் ஒருவகை அழைப்பின்போது பேனிக் நேர்ந்தால், அந்தச் சிறு பூட்டை ஏற்கனவே பிடித்திருந்தவனையே அது இடைமறித்திருக்கக் கூடும். அவன் விடும்வரை இது காத்திருக்கும். இது முடியும்வரை அவன் அசையான். நிகழ்நேரப் பணிக்குரிய கெர்னலைப் பிழைதேடும் வசதியுடன் கட்டி ஓட்டியபோது வேறொரு விதமாயிற்று. இத்தகைய வேளையில் பூட்டே தர மறுத்துவிட்டது. காப்புக் கெர்னல் எழவே இல்லை. 2022-இல் வந்த திருத்தம் மியூட்டெக்ஸை நீக்கி, பழையபடி ஓர் எண்ணையே காவலாக வைத்தது. இடையில் கழிந்தவை பதினான்கு ஆண்டுகள்!

சோதித்துப் பார்த்திருக்கலாகாதா எனலாம். வேண்டுமென்றே கெர்னலை விழச் செய்ய வழி உண்டு. அதற்குரிய இடத்தில் 'சி' என்னும் ஓர் எழுத்தை எழுதினால் போதும். ஆனால் அவ்வீழ்ச்சி அமைதியான வேளையில், ஒழுங்கான வழியில் வருவது. அதில் மியூட்டெக்ஸ் குறையின்றித் திறக்கும். தீயணைப்பு ஒத்திகையில் எல்லாக் கதவும் திறந்திருப்பது போல. ஆகவே படிக்கின்ற கண்ணுக்கு இங்கே வேலை மிகுதி.

மறுப்பதும் எளிதன்று. காப்புக் கெர்னலை எழுப்புமுன் தம் பொறிக்குச் செய்தி அனுப்ப வேண்டும், பதிவேட்டை எழுத வேண்டும் என்று கேட்போர் பலர்; அவர்கள் தேவையும் உண்மையானதே. 2014-இல் அதற்கு இடம் தரப்பட்டது, ஆனால் விரும்புவோர் மட்டும் இட்டுக் கொள்ளும் ஒரு விருப்பமாக. இதனால் காப்பு தவறும் அபாயம் கூடும் என்று கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. இயல்பான நிலையில் முதற் பணி காப்பதே. இவ்வாறு வரிசையை விட்டுக் கொடாமல், கேட்டவரையும் வெறுங்கையோடு அனுப்பாமல் கண்ட முடிவை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

ஆராய்ந்தவர் நிறைவுற்றால், 'ரிவ்யூட்-பை' என்னும் சொல்லோடு தம் பெயரையும் முகவரியையும் அத்திருத்தத்தின் அடியில் சேர்க்கச் சொல்வார். அதன் பொருளை லினக்ஸ் விதிகள் வரையறுத்துள்ளன. கண்ட குறைகளை எழுதியவருக்குத் தெரிவித்தேன், இது சேர்க்கத் தக்கது, நானறிந்த குறை இதில் இல்லை என்பதே பொருள். எந்நிலையிலும் பிழையின்றி இயங்கும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. கெர்னலின் வரலாற்றில் அவ்வரி நிலையாக நிற்கும். பல ஆண்டுகளுக்குப் பின் ஏதேனும் ஒரு பொறி விழுந்து எழாதபோது, முதலில் தேடிப் படிக்கப்படுவனவற்றுள் அதுவும் ஒன்று.