நீராவியும் சேர்மானமும்: சம்பூர்க் கரையிலிருந்து ஒரு மறுப்பு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்தது சம்பூர். குடாவிற்கு அப்பால், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவிலே, பிரித்தானியர் தம் கடற்படைக் கப்பல்களுக்காக எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்தொழிந்தது. நெடுங்காலம் பற்றை மண்டிக் கிடந்த இத்தாங்கிகளுக்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. 2022 சனவரியில் 99 தாங்கிகளும் உடன்படிக்கை மூலம் பங்கிடப்பட்டன: 61 கூட்டு நிறுவனத்திற்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு. 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன.

இச்சூழலில் ஒரு வாதம் கற்றோரிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. உலகின் இலகு எண்ணெய் வற்றினாலும் கன எண்ணெய் வற்றாது. நீராவியோடு இரசாயனச் சேர்மானங்களைக் கலந்தால் அதனை மலிவாகவும் தூய்மையாகவும் எடுக்கலாம். ஆகவே எண்ணெயை நம்பித் துறைமுகத்தின் எதிர்காலத்தை அமைப்பதில் தவறில்லை என்பர் இவ்வாதத்தார். இதன் முற்பாதி அறிவியல். பிற்பாதி வெறும் நம்பிக்கை. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்வதுதான் இங்குள்ள ஏமாற்று.

முற்பாதியை முதலிற் காண்போம். கன எண்ணெய் மணற்கல்லின் நுண்துளைகளிற் பாகுபோல ஒட்டிக் கிடப்பது, சூடேறினாலன்றி இளகாது. 1959இல் வெனிசுவேலாவின் மெனே கிராண்டே வயலில் நீராவி செலுத்திக்கொண்டிருந்தபோது அமுக்கம் மிகுந்து நிலம் பிளந்தது. அமுக்கத்தைத் தணிக்கக் கிணறுகளைத் திறந்துவிட்டார்கள். நீராவி ஏற்றிய அதே கிணறுகளிலிருந்து எண்ணெய் பெருகி வந்தது! விபத்தே ஆசானாயிற்று. நீராவியை ஏற்றி, ஊறவிட்டு, பின் அதே கிணற்றால் எண்ணெயை இறைக்கும் முறை இவ்வாறே பிறந்தது. இந்தியாவில் இராசஸ்தானத்துப் பாலைநிலத்திலுள்ள பாகேவாலா வயலில் ஒயில் இந்தியா நிறுவனம் 2018இல் இம்முறையைக் கையாளத் தொடங்கியது.

ஆனால் நீராவி ஊதாரித்தனமானது. இலேசானதாகையால் மேலே ஏறிவிடும். எளிய வழியொன்று கண்டால் எண்ணெயைத் தொடாமலே அதன் வழியே ஓடிவிடும். இதனைத் திருத்தவே சேர்மானங்கள் வந்தன. சவர்க்கார இயல்புள்ள பொருள்கள் நுரைத்து அவ்வழிகளை அடைக்கின்றன; எண்ணெய்க்கும் நீருக்கும் இடையேயுள்ள இழுவிசையையும் குறைக்கின்றன. கரைப்பான்கள் எண்ணெயை ஐதாக்குகின்றன. யூரியா வெப்பத்திற் சிதைந்து காபனீரொட்சைட்டையும் அமோனியாவையும் தருகிறது. நிக்கல், இரும்பு முதலியவற்றின் சேர்வைகள் ஊக்கிகளாகி எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை உடைக்க உதவுகின்றன. இவற்றைக் கண்டறிந்த உழைப்பை இகழ்வார் அறிவிலிகள்.

இனிப் பிற்பாதி. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் நீரை ஆவியாக்க வேண்டிய வயல் ஒன்றிருப்பதாகக் கொள்வோம். சேர்மானத்தால் அது இரண்டாகிறது. கொதிகலனில் எரியும் எரிபொருளில் மூன்றிலொன்று மிச்சம். நன்று. ஆனால் வெளிவந்த அந்தப் பீப்பாய் எண்ணெய் என்னாகிறது? எங்கோ ஓர் இயந்திரத்தில் எரிகிறது. பீப்பாய் ஒன்றினால் வானிற் சேரும் கரியின் பெரும்பகுதி அங்கேதான் எழுகிறது. அதனைக் குறைக்கும் சேர்மானம் எதுவும் இல்லை. மேலும், செலவு குறைந்தால் நேற்றுவரை கட்டுப்படியாகாத வயலும் இன்று இலாபம் தரும். எடுக்கும் எண்ணெய் கூடும். ஒரு பீப்பாய்க்கான கணக்கில் வந்த மிச்சம் மொத்தக் கணக்கில் மறைந்துபோகலாம். “தூய்மை” என்ற சொல்லை எடுப்போர் ஒரு பீப்பாயோடு கணக்கை நிறுத்திவிடுவது தற்செயலா?

நிலத்துள் என்ன நிகழ்கிறதென்பதையும் கேட்க வேண்டும். சேர்மானத்தில் ஒரு பங்கு களிமண்ணிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பங்கு 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சிதைகிறது. செலுத்திய கரைப்பான் முழுவதும் மீண்டு வருவதில்லை. எஞ்சியது எண்ணெயோடு மேலேறும் நீரிற் கலக்கிறது. அந்நீரைச் சுத்திகரிப்பது தனித் தொழில், தனிச் செலவு. 2013இல் கனடாவின் அல்பேட்டாவில், நீராவி செலுத்திய வயலொன்றில் நிலம் வெடித்துக் கீல்போன்ற எண்ணெய் மேற்பரப்பிற் கசிந்தது. சேர்மானம் அமுக்கத்தை ஒழிப்பதில்லை.

சம்பூருக்கும் இதற்கும் என்ன தொடர்பென்று வினவலாம். சம்பூரில் எண்ணெய் வயல் இல்லை. ஆயினும் “தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்” என்ற உறுதிமொழியை அவ்வூர் நன்கறியும். 2006இற் போர் அம்மக்களை ஊரை விட்டு விரட்டியது. அவர்கள் முகாம்களில் இருந்தபோதே, அவர்களது மண்ணில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையத்துக்கான திட்டம் வளர்ந்தது. அங்கும் நீராவிதான், அங்கும் புகைக்கும் சாம்பலுக்கும் வெந்நீருக்கும் தொழில்நுட்ப விடைகள் அடுக்கப்பட்டன. காணிக்குரியவர் பெரும்பாலும் 2015க்குப் பின்னரே திரும்பினர். 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. முதலிற் கேட்டிருக்க வேண்டியவர்களிடம் கடைசியாகக்கூட எவரும் கேட்கவில்லை என்பதே அவர்களது மனத்தாங்கல்.

இங்கே தமிழ் கற்றோருக்கும் ஒரு பங்குண்டு. புதிய இயந்திரம் வந்தால் அதற்குக் கலைச்சொல் கண்டுபிடிப்பதோடு கடமை தீர்ந்ததெனக் கருதும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. வினையூக்கியா, ஊக்கியா என்று மூன்று மணிநேரம் வாதிடும் அவையில், அந்த ஊக்கி எந்த நீரிற் போய்ச் சேருமென்று கேட்பார் இல்லை. சூழல் அறிக்கைகளோ மூதூர்ப் பக்கத்து மீனவர் படித்தறியும் தமிழில் அரிதாகவே எழுதப்படுகின்றன.

குடாவின் வடகரையில் நாளை எந்த எண்ணெய் வந்திறங்கினாலும், அது எவ்வயலில், எத்தனை நீரையும் எவ்விரசாயனங்களையும் செலவிட்டு எடுக்கப்பட்டதென்ற கணக்கு அவ்வெண்ணெயோடு சேர்ந்தே வரவேண்டும். கசிந்தால் யார் பொறுப்பென்பது தாங்கியை நிரப்புமுன் எழுத்தில் இருக்கவேண்டும். தென்கரையிலோ, நிலக்கரித் திட்டத்துக்காக அமைத்த அதே கூட்டு நிறுவனம் இன்று சூரிய மின்னிலையத்தைக் கையிலெடுத்துள்ளது; 2025 ஏப்ரலில் அதற்கான தொடக்க விழாவும் நடந்தது. அங்கே புகையில்லை, நீராவியில்லை, சேர்மானமும் இல்லை. காணி மட்டும் அதே சம்பூர்க் காணி.