சாட்சியக் காணொளிகளை யார் பராமரிப்பது?

2017ஆம் ஆண்டு, தீவிரவாதப் பதிவுகளைக் கண்டறியும் தானியங்கி முறையை யூடியூப் பயன்படுத்தத் தொடங்கியபோது, சிரியப் போரின் கொடுமைகளை ஆவணப்படுத்திய ஆயிரக்கணக்கான காணொளிகளும் சேர்த்தே நீக்கப்பட்டன. இலங்கையிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. எங்கள் சாட்சியங்களை இன்னொருவரின் தளத்தை மட்டும் நம்பி வைத்திருக்க முடியாது என்பதற்கு இவையே போதும்.

அதனால்தான் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளிடம் பதிவுசெய்த காணொளிகளை நானும் நண்பர்களும் சொந்த சேர்வரில் வைத்திருக்கிறோம். மென்பொருள் பியர்டியூப். பிரான்ஸின் ஃப்ராமாசொஃப்ட் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு உருவாக்கும் திறந்த மூல மென்பொருள் அது, கட்டணம் இல்லை. ஆனால், பராமரிக்கும் பொறுப்பு முழுவதும் எங்களுடையது.

முகத்தை மறைத்தால் மட்டுமே பேசுவேன் என்றார் ஓர் அம்மா. அவருடைய மற்ற மகன் இங்கேதான் வேலை செய்கிறான். மறைக்காத மூலப் பதிவு 'தனிப்பட்டது' என்ற அடையாளத்துடன் அதே சேர்வரில் இருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியான 5ஆம் பதிப்புக்கு முன்னர், இவ்வாறு அடையாளமிட்ட காணொளியாக இருந்தாலும், கோப்பின் நேரடி முகவரி தெரிந்தவர் அதைத் திறக்கக்கூடியதாக இருந்தது. புதிய பதிப்புக்கு மாறாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதில் புரியும்.

அவசரப்பட்டு மாறுவதும் ஆபத்துத்தான். புதிய பதிப்பு தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றிவிடும். பிரதி எடுத்து வைக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஆகவே, முதலில் வேறொரு சேர்வரில், நாங்களே எடுத்த சாதாரணக் காணொளிகளை வைத்துச் சோதிக்கிறோம். கணக்கில் நுழையாத கைத்தொலைபேசியில் தனிப்பட்ட காணொளி திறக்கிறதா என்பதே முதற்சோதனை. ஒருமுறை எந்தக் காணொளியும் ஓடவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருந்த என்ஜின்எக்ஸ் அமைப்பை மாற்ற மறந்திருந்தோம். நல்லவேளை, அது சோதனை சேர்வர்.

இன்னொன்று: மூலக் கோப்பை வைத்திருக்கும் தெரிவை இயக்காவிட்டால், மாற்றப்பட்ட வடிவம் மட்டுமே சேர்வரில் மிஞ்சும். நீதிமன்றத்தில் கேட்கப்படப்போவது மூலக் கோப்பு.

ஆவணப்படுத்தலுக்கு நிதி தருவோர் கமராவுக்கும் பயணத்துக்கும் தருகிறார்கள். சோதனை சேர்வருக்கோ, அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் மாதச் சம்பளத்துக்கோ யாரும் தருவதில்லை. புலம்பெயர்ந்த உறவுகளும் நிறுவனங்களும் இனி ஒரு திட்டத்துக்குப் பணம் அனுப்பும்போது, பதிவுகளை ஐந்து வருடத்துக்குப் பிறகு யார் பராமரிப்பார் என்றும் கேட்க வேண்டும்.