விழப்போற பல்லுதானே?

அக்கா பையனுக்கு 8 வயசு. கடவாய்ப்பல்லுல சொத்தை. "பால் பல்லுதானே, விழுந்துடும்"னு விட்டுட்டோம். டாக்டர் பார்த்துட்டு "இது பால் பல் இல்லைங்க, ஆயுசுக்கும் இருக்க வேண்டியது"ன்னார். திக்குன்னு ஆயிடுச்சு.

6 வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பல் வரிசைக்குப் பின்னாடி சத்தமில்லாம முளைக்கிற பல் அது. கெட்டிப்பட ஆரம்பிக்கிறது குழந்தை பிறக்கிற சமயத்துல!

சரி, பால் பல்லுன்னா மட்டும் விட்டுடலாமா? கருவுல 6 வாரத்துலயே தொடங்குற வேலை அது. நாலாம் மாசமே கெட்டிப்பட ஆரம்பிச்சுடும். கடவாய்ப் பால் பல் 10-12 வயசு வரைக்கும் இருக்கணும். முன்னாடியே போனா பக்கத்துப் பல் சாய்ஞ்சு, அடுத்த பல்லுக்கு இடமில்லாம போயிடும்.

வயித்துக்குள்ளேயே உடம்பு ஆரம்பிச்ச வேலைக்கு, ராத்திரி ரெண்டு நிமிஷம் பிரஷ் பிடிச்சுவிட நமக்கு என்னங்க கஷ்டம்?