வைத்தியர் ஒருவர் வந்தால் போதுமா?

நம் கிராமங்களில் வைத்தியசாலையைப் பற்றி எப்போது கூட்டம் கூடினாலும் ஒரே கோரிக்கைதான் எழுகின்றது. எங்களுக்கு ஒரு டாக்குத்தரைத் தாருங்கள் என்பதே அது. மகஜர் எழுதுகின்றோம், கையொப்பம் திரட்டுகின்றோம், பாராளுமன்ற உறுப்பினரின் வாசலிற் காத்து நிற்கின்றோம். ஈற்றில் வைத்தியர் ஒருவர் வருகின்றார். மாலை சூட்டி வரவேற்கின்றோம். ஆறு மாதம் கழிந்த பின் பார்த்தாலோ, அதே ஊர்ச் சனங்கள் விடியுமுன் பஸ் ஏறி, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் வரிசையில் நிற்கின்றார்கள்.

இதற்கு வைத்தியரைக் குறை கூறுவது நியாயமன்று. நாம் கேட்டதில் பாதியே கிடைத்தது என்பதுமன்று. நாம் கேட்டதே பாதிதான் என்பதே உண்மை.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு அங்கங்களை வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து பணி செய்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காவது அங்கத்தையே நாம் மறந்துவிட்டோம். மருந்து கொடுப்பவர், காயம் கட்டுபவர், இரத்தம் சோதிப்பவர், முடங்கிய கையை அசைக்கப் பழக்குபவர், வீடு தேடி வந்து விசாரிப்பவர் ஆகிய அனைவரும் அதனுள் அடங்குவர்.

இன்று நம் நாட்டில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை இருதய நோய், பாரிசவாதம், புற்றுநோய், நீரிழிவு முதலிய தொற்றா நோய்களால் நேர்கின்றன. இவை ஊசி ஒன்றோடு தீரும் நோய்கள் அல்ல. ஆயுள் முழுவதும் கூடவே நடந்துவரும் நோய்கள். நீரிழிவுள்ள ஒரு கமக்காரனை எடுத்துக்கொள்வோம். அவன் வெறுங்காலோடு வயலில் இறங்குகின்றான். காலில் உணர்ச்சி குன்றியிருப்பதால் முள் தைத்ததும் தெரிவதில்லை. சிறு புண் பெரும் புண்ணாகின்றது. பெரும் புண் காலையே கேட்கின்றது. இவன் காலைக் காப்பாற்றுவது யார்? நோயைக் கண்டு மருந்து எழுதுபவர் வைத்தியர். ஆனால் இரத்தத்திற் சீனியின் அளவைச் சோதிப்பவர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். எந்த மாத்திரையை உணவுக்கு முன் எடுப்பது, எதைப் பின் எடுப்பது என்று விளக்குபவர் மருந்தாளர். மாதந்தோறும் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, சிறு கீறலையும் கண்டு கட்டுபவர் தாதி. வராது நின்றுவிட்டால் வீட்டுக்கே போய் ஏனென்று கேட்பவர் பொதுச் சுகாதாரத் தாதி. இவர்களுள் ஒருவர் இல்லாது போனாலும் சங்கிலி அறுந்துவிடும். நூறு நோயாளர் காத்திருக்கும் காலைப்பொழுதில், ஒற்றை வைத்தியர் இத்தனை பணிகளையும் தாமே செய்வது எங்ஙனம்?

கூட்டாகச் செய்தால் எத்தகைய பலன் விளையும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. வரையறுத்த ஒரு பிரதேசம். அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதும். இந்த ஒழுங்கு நாளடைவில் நாடெங்கும் பரவியது. 1946இல் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்ட இந்நாட்டில், அத்தொகை பிற்காலத்தில் முப்பது அளவுக்கு இறங்கியது. மலேரியா ஒழிப்பும் கல்வியும் வீதியும் வைத்தியசாலையும் இதற்குத் துணைநின்றன என்பது மெய்யே. ஆயினும் குடையும் பையுமாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, கர்ப்பிணிகளின் பெயரைப் புத்தகத்திற் பதிந்த அந்த மருத்துவமாதைத் தவிர்த்து இச்சாதனையை விளக்க எவராலும் இயலாது.

கமக்காரர் அண்மையிற் கண்ட உதாரணமும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையையும் வெள்ளத்தையும் தொடர்ந்து, டிசம்பரில் யாழ். மாவட்டத்தில் இனந்தெரியாத காய்ச்சலாற் சிலர் உயிரிழந்தனர். அது எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையிற் புலனாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இறங்குவோரை, தோலிலுள்ள சிறு காயத்தின் வழியே பற்றும் நோய் அது. நோய் முற்றியவரைக் காப்பாற்றப் பெரிய வைத்தியசாலை வேண்டும். ஆனால் வயலில் இறங்குவோரைத் தேடிப்பிடித்து, தடுப்பு மாத்திரையைக் கையிற் கொடுத்து, காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதியாதே என்று எச்சரிக்கும் பணி, ஊரறிந்த சுகாதாரப் பணியாளருடையதே. அவரை இழந்த கிராமத்தில் நோயை முதலில் அறிபவர் மரண விசாரணை அதிகாரியாகவே இருப்பார்.

அப்படியானால் குறை எங்கே? வருமுன் காக்கும் பணிக்கு நம்மிடம் நல்ல கூட்டமைப்பு உண்டு. வந்த நோயைப் பார்க்கும் பணிக்கு அஃது இல்லை. ஒரு கர்ப்பிணி எந்த மருத்துவமாதின் பொறுப்பில் இருக்கின்றாள் என்பதைக் கூறிவிடலாம். அவளுடைய தகப்பனாரின் இரத்த அழுத்தம் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் விடையில்லை. வயது வந்தோரைப் பரிசோதிக்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2018இல் வகுக்கப்பட்ட தேசியக் கொள்கை, ஒவ்வொரு ஆரம்பப் பராமரிப்பு நிலையத்துக்கும் வரையறுத்த பிரதேசமும், அங்குள்ள மக்களின் பதிவும் இருக்கவேண்டும் என்று கூறிற்று. கொள்கை நல்லது. ஆனால் கடதாசி காயம் கட்டாது. இயன் மருத்துவரை நாடினால் பெரும்பாலும் ஆதார வைத்தியசாலைக்கோ அதற்கு மேலோதான் போகவேண்டும். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரை, பயிற்சிக்காக வாரந்தோறும் முச்சக்கர வண்டியில் ஏற்றிச் செல்ல ஏழைக் குடும்பத்தால் இயலுமா? இரண்டு தடவை போவார்கள். மூன்றாம் தடவை கட்டிலோடு விட்டுவிடுவார்கள்.

பிரதேச வைத்தியசாலை மாகாண நிருவாகத்தின் கீழ் இருக்கின்றது. வைத்தியரை அனுப்புவது கொழும்பிலுள்ள அமைச்சு. ஆளணிக்கு அனுமதி தரவேண்டியது திறைசேரி. மூவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்ட, நடுவில் நிற்பவன் நோயாளி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறியமை இப்புண்ணை மேலும் ஆழமாக்கியது.

கூட்டமைப்பு வேண்டும் என்று கூறும் நாம் ஓர் அபாயத்தையும் எடுத்துக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம். இங்கிலாந்தில் 2019 முதல், சுமார் 30,000 தொடக்கம் 50,000 மக்களுக்கு ஒன்றாக அமைந்த வைத்திய நிலையக் கூட்டங்களில், மருந்தாளர், இயன் மருத்துவர், சமூகத் தொடர்பாளர் முதலியோரை நியமிக்க அரசு பணம் ஒதுக்கிற்று. நன்மை விளைந்தது. ஆனால் அப்பணத்தைக் கொண்டு வைத்தியரை நியமிக்க முதலில் இடமிருக்கவில்லை. புதிதாகத் தேறிய குடும்ப வைத்தியர் வேலையின்றி நிற்கும் நிலை தோன்றவே, 2024 அக்டோபரில் விதியை மாற்ற நேர்ந்தது. வைத்தியத் துணைவர் என்போரை வைத்தியரின் இடத்தில் அமர்த்தியதும் பெரும் சர்ச்சையாயிற்று. சில வரையறுத்த சந்தர்ப்பங்கள் தவிர, நோய் இன்னதென்று அறியப்படாத நோயாளியை அவர்கள் முதலிற் பார்க்கலாகாது என்று 2025 யூலையில் வெளியான லெங் அறிக்கை விதந்துரைத்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் தெளிவானது. துணைவர்கள் வைத்தியருக்குத் துணையாக வேண்டும். மலிவான பதிலாக அல்ல.

ஆகவே நாம் கோருவன இவை. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும் வைத்தியரோடு மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், பொதுச் சுகாதாரத் தாதி ஆகியோரின் பதவிகளை உறுதிசெய்து நிரப்புக. இயன் மருத்துவரும் உளநலப் பணியாளரும் ஒவ்வோர் ஊருக்கும் நிரந்தரமாகக் கிடையாராயின், குறித்த கிழமையில் குறித்த இடத்துக்கு வரும் ஒழுங்கையேனும் செய்க. போர் விட்டுச்சென்ற மனப்புண்களைச் சுமந்து வாழும் நம் மக்களுக்கு உளநலப் பணி ஆடம்பரமன்று. வருவோர் மக்களின் மொழியிற் பேசுவோராக இருத்தலும் வேண்டும். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நோவை மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை இந்நூற்றாண்டில் எவருக்கும் வேண்டாம்.

வைத்தியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மருந்தாளரும் தாதியும் கூறுவதைச் செவிமடுப்பது உங்கள் மதிப்பைக் குறைக்காது. பொதுமக்களுக்கும் ஒரு சொல். டாக்குத்தர் பார்த்தாற்றான் வைத்தியம் என்ற எண்ணத்தை விடுங்கள். சாதாரணத் தடிமனுக்கும் போதனா வைத்தியசாலைக்கு ஓடுவோர், அங்கே உயிருக்குப் போராடும் அயலவனின் நேரத்தையே எடுத்துக்கொள்கின்றார்கள்.

அடுத்த முறை வைத்தியசாலைக் கூட்டத்துக்குப் போகும்போது, டாக்குத்தர் எப்போது வருவார் என்று மட்டும் கேளாதீர்கள். அவரோடு யார் யார் வருவார்கள் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைக்கும் நாளிலேதான், கிராமத்து வைத்தியசாலை பெயர்ப்பலகை தாங்கிய கட்டடம் என்ற நிலை மாறி வைத்தியசாலையாகும்.