எக்ஸ்ரே நல்லா இருக்கு, கால்தான் வலிக்குது

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் கால் வலிக்கிறது என்று ஓர் அம்மா சொன்னால், வீட்டில் வரும் முதல் பதில், "எக்சர்சைஸ் ஒழுங்கா பண்ணல". ஆஸ்பத்திரியில், "எக்ஸ்ரே நல்லா இருக்கும்மா, போகப்போக சரியாயிடும்". இரண்டையும் கேட்டுக்கொண்டு வலி மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்.

இது ஏதோ அபூர்வமான கதை இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான கட்டுரை ஒன்று, இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 10 முதல் 34 சதவீதம் பேருக்கு வலி நீடித்ததாகச் சொல்கிறது. அத்தனை பேரும் சோம்பேறிகளா என்ன?

எக்ஸ்ரே சரி, அதனால் கால் சரி என்பது, டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது, அதனால் கணக்கில் தப்பே இல்லை என்பது போல. (பி.காம் முதல் வருடப் பையன்கூட ஒத்துக்கொள்ள மாட்டான்!)

வலி எப்போது, எப்படி வருகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஆபரேஷனுக்கு முன்பிருந்த அதே வலி மாறாமல் இருக்கிறதா? கோளாறு முழங்காலிலேயே இல்லாமல் இருக்கலாம். இடுப்பு மூட்டுத் தேய்மானமும், முதுகில் நரம்பு அழுந்துவதும் முழங்கால் வலியாகத் தெரிவதுண்டு. உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் வலித்தால், பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தழும்புப் பக்கம் தொட்டாலே சுரீர் என்றால், தோலுக்கு அடியில் ஓடும் நரம்புக் கிளை காரணமாக இருக்கலாம். சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் விடாமல் வலித்தால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தத் தொற்று விஷயத்தில்தான் பெரிய கொடுமை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மூட்டு நீரை ஊசியால் எடுத்து கல்ச்சர் பார்ப்பதற்கு முன்பே மாத்திரை உள்ளே போய்விட்டால், கிருமி இருந்தும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகலாம்.

இன்னொரு பக்கம் அவசரக்காரர்கள்: "மறுபடி திறந்து பார்த்துடலாம்". காரணம் தெரியாமல் வலிக்காக மட்டும் செய்யும் மறு ஆபரேஷன் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது.

வேறொரு டாக்டரிடம் காட்டுவதை நம் ஊரில் துரோகம் மாதிரி பார்க்கிறார்கள். சேலை எடுக்க மட்டும் நாலு கடை ஏறலாமாம்! பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். அங்கேயும் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பப் பார்த்தால், "இடுப்புலேர்ந்து வருமா டாக்டர்?" என்று அந்த அம்மாவே கேட்டுவிட வேண்டியதுதான்.