பயிற்சித்தாளுக்கு விலை



திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு என்ன கொண்டுபோவது என்று ஞாயிறு இரவு மண்டையை உடைத்துக்கொள்ளாத ஆசிரியர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். அப்படிக் கண்விழித்துத் தயாரிக்கும் பாடக்குறிப்பும் பயிற்சித்தாளும் பட அட்டையும் ஒரு வகுப்போடு வேலை முடிந்து பீரோவுக்குள் போய்விடும். நியூயார்க்கில் பொதுப் பள்ளி ஆசிரியராக இருந்த பால் எடல்மனுக்கு, இவற்றை ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளலாமே என்று தோன்றியது. 2006-இல் அவர் தொடங்கிய இணைய நிறுவனம்தான் ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’. இந்த இதழின் முகப்புக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

கட்டுரையைப் படிக்கும்முன் அந்தக் கடைக்குள் ஒரு நடை போய்வரலாம். இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்குக்கு ஒரு பிடிஎஃப். விலை இரண்டு மூன்று டாலர். முன்னோட்டப் பக்கங்களில் குறுக்கே விற்பவரின் பெயர் மங்கலாக ஓடும், யாரும் அப்படியே அச்செடுத்துவிடக் கூடாது என்று. ஓரங்களில் ஆந்தை, ராக்கெட், கண்ணாடி போட்ட பென்சில். அந்த ஆந்தையும் சும்மா வந்ததல்ல. ஆசிரியர்களுக்குப் படம் வரைந்து விற்பவர்கள் அதே கடையில் தனியாக இருக்கிறார்கள். அவர்களிடம் வணிக உரிமத்தோடு படத்தை வாங்கித் தன் பயிற்சித்தாளில் ஒட்டி, இன்னோர் ஆசிரியருக்கு விற்கிறார் இந்த ஆசிரியர். ஆண்டுக் கட்டணம் கட்டியவருக்கு விற்பனையில் 80 சதவீதம் கைக்கு வரும், கட்டாதவருக்கு 55. இப்படி விற்றே ஜார்ஜியா மாநிலத்து மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர் 2012-இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டினார். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

கொண்டாடட்டும். வாங்குபவர் யார் என்றும் பார்க்க வேண்டுமல்லவா? 2014-15 கல்வியாண்டைப் பற்றி அமெரிக்க அரசு எடுத்த கணக்கெடுப்பில், பொதுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புக்காகச் சொந்தக் காசைச் செலவழித்திருந்தார்கள். சராசரி 479 டாலர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓர் ஆசிரியர் கொடுக்கிறார், சம்பளம் போதாமல் இன்னோர் ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். வகுப்புக்கு வேண்டியதைத் தந்திருக்க வேண்டிய நிர்வாகம் சத்தமில்லாமல் நடுவிலிருந்து நழுவிவிட்டது. ஆனால் உரிமை என்று பேச்சு வந்தால் அதே நிர்வாகம் முன்னால் வந்து நிற்கலாம். பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கியது முதலாளிக்கே சொந்தம் என்கிறது அந்நாட்டின் 1976-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். ஞாயிறு இரவு வீட்டில் எழுதியது பணியா இல்லையா? என்னைக் கேட்டால், அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காதவருக்கு அதில் பங்கு கேட்க வாயில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. பத்திரிகைக்காரன் புத்தி, அதனால் அங்கேதான் கண் போகிறது. உங்கள் கையில் இருக்கும் இந்தப் பக்கத்தை என்னைத் தவிர இரண்டு பேராவது படித்துத் திருத்தியிருக்கிறார்கள். “இது யாருக்கு விளங்கும்?” என்று கேட்டு என் பத்திகளைத் தயங்காமல் வெட்டும் உதவி ஆசிரியர் எனக்கு வாய்த்திருக்கிறார். அந்தக் கடைக்கு வரும் பாடங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. எழுதியவரே ஏற்றுகிறார், வாங்கியவர் நட்சத்திரம் போடுகிறார். அவ்வளவுதான். 2019-இல் ஃபோர்டம் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வு நிறுவனம், இந்தத் தளம் உட்பட மூன்று தளங்களில் இருந்த உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடங்கள் முந்நூறுக்கு மேல் எடுத்து, பாடம் அறிந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவை வகுப்புக்குக் கொண்டுபோகத் தக்கவையல்ல என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பிழைகள் அதிகமில்லை, எடுத்துக்கொண்ட நூல்களும் நல்லவையே. பிள்ளையை யோசிக்க வைக்கும் கேள்விகள்தாம் குறைவு. ஆந்தைக்குச் செலவான நேரத்தில் கொஞ்சம் கேள்விக்கும் போயிருக்கலாம்.

இத்தனைக்கும் பதிப்புத் தொழிலில் பழம்பெரும் பெயரான ஸ்காலஸ்டிக் ஆரம்பத்திலேயே ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’ நிறுவனத்தை வாங்கியது. 2009-இல் எடல்மன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 2023 முதல் அது ஐஎக்ஸ்எல் லேர்னிங் என்ற கல்வி மென்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கடை கைமாறும்போது அதில் சரக்கு வைத்திருக்கும் ஆசிரியர்களை யாரும் கலந்துகொள்வதில்லை. இதைப் பற்றி நம் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர் என்னைவிட நம்பிக்கையோடு இருக்கிறார். எங்களுக்குள் சின்ன வாக்குவாதமே நடந்தது. அவர் கருத்தில் கை வைக்காமல் அப்படியே அச்சேற்றியிருக்கிறேன்.

வகுப்பில் நிற்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்களே தயாரித்து, பிள்ளைகளிடம் நன்றாக எடுபட்ட ஒரு பயிற்சித்தாளை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து மாதம் ஒன்றாக, உங்கள் பெயரோடும் சன்மானத்தோடும் வெளியிடுகிறோம். உதவி ஆசிரியரின் சிவப்பு மையைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்